எஃப் என்றால் எஃப்தான்!



பாடகர் குழுவுக்கு ஆல்டோ பகுதியை லில்லிபாண்ட் மென்பொருளில் முதன்முதலாக எழுதினேன். அதில் நோட்டுகளை எழுத்துகளாகத் தட்ட வேண்டும். தொடக்கத்தில் ஜி மேஜர் என்று குறித்துவிட்டதால், எஃப் ஷார்ப் வரும் இடங்களில் வெறும் எஃப் தட்டினேன். அச்சில் அவற்றின் முன் நேச்சுரல் குறி! தங்கைகள் தாளில் இருந்தபடியே பாடினார்கள், தவறு என்னுடையது.

எந்த ஸ்கேல் என்று சொன்னாலும், லில்லிபாண்ட் தானாக ஷார்ப் சேர்க்காது. ‘ஃபிஸ்’ என்றே தட்ட வேண்டும். அது டச்சுப் பெயர். 1996இல் இதைத் தொடங்கிய இருவரும் நெதர்லாந்துக்காரர்கள். ஒரு வரி சேர்த்தால் ஆங்கிலப் பெயர்களுக்கு மாறலாம்.

கால அளவு நேர்மாறு. ஒரு நோட்டுக்கு 4 என்று போட்டால் அது கால் நோட். வேறு எண் போடும்வரை அடுத்தவையும் கால் நோட்டுகளே. இந்த இரண்டும்தான் புதியவர்களைக் குழப்புகின்றன.

வார்டில் மருந்துத் தாளில் “வழக்கம்போல” என்று எழுத மாட்டோம். மருந்து, அளவு, நேரம் எல்லாம் முழுதாக இருக்கும். நோட்டையும் அப்படியே எழுதுங்கள். இரண்டு வரி எழுதியதும் அச்சைப் பார்த்துப் பாடிப் பாருங்கள். முதல் நாளே விட்டுவிடாதீர்கள்!