எந்த மஞ்சள், எவர் கரைத்த பச்சை?

முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சிறுத்த ஜெர்மன் டைகர் டாங்கியின் மாதிரி, பீரங்கிக் குழாயையும் சேர்த்து 24 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒட்டிச் சேர்க்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். என்ன வண்ணம் அடிப்பது என்ற கேள்விதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாம் உலகப் போரின் முதல் பாதி சற்று எளிது. 1940 கோடைக்குப் பிறகு ஐரோப்பாவில் ஓடிய ஜெர்மன் டாங்கிகளுக்கு ஒரே கருஞ்சாம்பல். அதற்கு முன் சாம்பலின் மேல் மூன்றில் ஒரு பங்கு கரும்பழுப்புத் திட்டுகளும் இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால் போலந்துப் போரின் டாங்கிகளை வெறும் சாம்பலில் முடித்த மாதிரிக் கலைஞர்கள் ஏராளம்.

உண்மையான சோதனை 1943 பிப்ரவரியில் தொடங்குகிறது. இனி தொழிற்சாலை அடர்மஞ்சள் மட்டும் அடித்து அனுப்பும் என்று உத்தரவு வந்தது. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டியான பசையாக, டப்பாக்களில் அடைத்துப் படைப்பிரிவுகளுக்குப் போயின. அதைக் கரைத்து அடிக்க வேண்டியவர்கள் டாங்கியில் இருந்த வீரர்களே. பெட்ரோலில் கரைத்தால் வண்ணம் நன்றாகப் பிடிக்கும்; தண்ணீரில் கரைத்தால் மழைக்கு வெளுக்கும். ஸ்பிரே கருவி கிடைக்காதவர்கள் பிரஷ்ஷால் பூசினார்கள். ஒரே படைக் கம்பெனியின் இரண்டு டாங்கிகள்கூட ஒன்றுபோல் இல்லாததற்குக் காரணம் இதுதான். ஆகவே 'சரியான பச்சை எது' என்று கேட்பதைவிட 'எந்த டாங்கி, எந்த மாதம்' என்று கேட்பதே பயன் தரும்.

1944 ஆகஸ்டில் மூன்று வண்ண வேலை தொழிற்சாலைக்கே திரும்பியது. மர நிழலில் சிதறிக் கிடக்கும் வெயில் பொட்டுகளைப் போல, திட்டுகளின் மேல் சிறு புள்ளிகள் வைத்த அழகான வகை அப்போது வந்ததுதான்.

மாதிரியில் இந்த ஸ்பிரே பட்டைகளைக் கொண்டுவருவது கணக்கு வேலை. நிஜ டாங்கியில் ஸ்பிரே பட்டையின் ஓரம் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கி மறைந்தால், மாதிரியில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெயின்ட்டை நீர்க்கக் கலந்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, ஏர்பிரஷ் முனையைப் பரப்புக்கு மிக அருகில் பிடித்தால்தான் அந்த மங்கல் கிடைக்கும். கை சற்று விலகினாலும் ஓரம் புகைபோல் பரவிவிடும். வண்ணத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும்; சிறிய பொருளின்மேல் அசல் வண்ணம் கறுத்துத் தெரியும்.

அருங்காட்சியகத்தில் அசலைப் பார்த்து அடிக்கலாமே என்று தோன்றும். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட டைகர் 131 இங்கிலாந்தின் போவிங்டனில் இன்றும் ஓடுகிறது. ஆனால் அதன்மேல் இப்போது தெரிவது பின்னாளில் மீட்டெடுத்தபோது அடித்த பெயின்ட். தேர்ந்த கலைஞர் அதனால் பழைய புகைப்படத்துக்கே திரும்புகிறார். டரட்டில் (சுழலும் பீரங்கிக் கூண்டில்) எழுதிய எண்ணைக் கொண்டு டாங்கியை அடையாளம் கண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு பட்டையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.