பிள்ளையோடு ஒரு பயணம்

பயணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மக்காவும் மதீனாவும். அல்லது வாப்பாமார் உழைக்கச் செல்லும் வளைகுடா நாடுகள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கலகெதரயிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போவதே பெரும் பயணம்தான். தூரம் சுமார் 20 கிலோமீற்றர். பெரியவர்களுக்கு அது கிளினிக்குக்கும் சாமான் வாங்கவும் போகும் பழைய பாதை. பிள்ளைக்கோ ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதுமை.

அருமைத் தாய்மார்களே! அந்தப் பயணத்தில் பிள்ளையின் வழித்துணை நீங்கள்தான். ஆனால் நடப்பது என்ன? பஸ்ஸில் அமர்ந்ததும் பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்கும். முதல் இரண்டுக்குப் பதில் கிடைக்கும். மூன்றாவதற்கு, "சும்மா இரு மகன், ஆக்கள் பார்க்கிறாங்க" என்போம். நான்காவதற்கு கைபேசியைக் கொடுத்து விடுவோம். சத்தம் அடங்கும். அதோடு சேர்ந்து அறியும் ஆசையும் மெல்ல அடங்கிப் போகும். சிறு வயதில் பேச விடாத பிள்ளை, வளர்ந்தபின் நாமாகக் கேட்டாலும் மனம் திறக்கத் தயங்கும். அந்த இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது எளிதல்ல.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையைப் பாருங்கள். பயணத்திலிருந்து திரும்பும்போது வீட்டுச் சிறுவர்கள் அவர்களை எதிர்கொண்டு செல்வார்கள். ஒருமுறை அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரழி) அவர்களைத் தம் முன்னாலும், பேரப்பிள்ளைகளில் ஒருவரைப் பின்னாலும் அமர்த்திக்கொண்டு மூவருமாக மதீனாவுக்குள் நுழைந்ததை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தமக்குப் பின்னால் இருந்தபோதுதான், அல்லாஹ்வைப் பேணுவது பற்றிய அரிய உபதேசத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். போகும் வழியே பாடசாலையானது!

நம் மலைநாட்டுப் பாதை இதற்கு நன்கு பொருந்தும். மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என ஜாபிர் (ரழி) அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். எப்போது மேடு வரும், எப்போது பள்ளம் வரும் என்று அது ஜன்னல் வழியே கவனித்துக்கொண்டே வரும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில், "உம்மா, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்கும். மகாவலி நம் நாட்டின் மிக நீளமான ஆறு. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கடலில் சேருகிறது. 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணை, அதில் ஒரு பகுதி நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வடபகுதி வயல்களுக்குத் திருப்புகிறது. "நாங்க சாப்பிடுற சோத்துல இந்தத் தண்ணியும் இருக்கலாம், மகன்" என்று சொல்லுங்கள். அன்று இரவு தட்டில் சோற்றை மிச்சம் வைக்க அந்தப் பிள்ளை யோசிக்கும்.

நேரமிருந்தால் பேராதனைப் பூங்காவுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 1821இல் தொடங்கிய தோட்டம். பரப்பு 147 ஏக்கர். ஆற்றங்கரையின் ராட்சத மூங்கில்களையும், மரங்களில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களையும் பார்க்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட வேண்டியதில்லை. ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் இருந்தாலும் போதும்.

சில எச்சரிக்கைகள்: ஓடும் பஸ்ஸில் கையையோ தலையையோ வெளியே நீட்ட விடாதீர்கள். இறங்கும்போது கையை விடாதீர்கள். வளைவுப் பாதையில் வாந்தி வரும் பிள்ளைக்குப் புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். தண்ணீரும் ஒரு பையும் உடன் இருக்கட்டும்.

வீடு திரும்பியபின் இன்னொன்று செய்யுங்கள். பார்த்ததையெல்லாம் உம்மும்மாவிடம் பிள்ளையே சொல்லட்டும். வாப்பா வெளிநாட்டில் என்றால், அவரோடு பேசும்போது முதல் ஐந்து நிமிடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தவறாகச் சொன்னால் இடையில் மறித்துத் திருத்த வேண்டாம், சொல்லி முடிக்கட்டும். தான் சொல்வதைக் கேட்க ஆளிருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, நாளை தன் கவலையையும் வீட்டில்தான் முதலில் சொல்லும்.

நம் பிள்ளைகளின் போக்குவரத்துகளை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானதாகவும் பயனுள்ளதாகவும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.