நாலாயிரம் என்றொரு எண்

2019 மே 23, வியாழக்கிழமை. இலங்கையில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. அன்று காலை 'திவயின' என்ற சிங்கள நாளேட்டின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி. அந்தக் குண்டுவெடிப்புகளோடு பெயர் அடிபட்ட தவ்ஹீத் ஜமாத்தைச் சேர்ந்த டாக்டர் ஒருவர், சிங்கள பௌத்தத் தாய்மார் 4,000 பேரைச் சிசேரியன் செய்யும்போது இரகசியமாக மலடாக்கிவிட்டாராம். மறுநாளே குருநாகல் போதனா வைத்தியசாலையில் வேலை பார்த்த முஸ்லிம் டாக்டர் ஒருவர் கைதானார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது ஏற்கனவே அளவுக்கு மீறி அச்சேறிவிட்டது.

கைதுக்குப் பொலிஸார் சொன்ன காரணம் கருத்தடை அல்ல, கணக்குக் காட்டாத சொத்து. பெண்களின் முறைப்பாடுகள் வரத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். முதலில் தலைப்பு, அடுத்து கைது, கடைசியில் குற்றம். வழக்கமாக இந்த வண்டி எதிர்த்திசையில்தான் ஓடும்.

அந்தத் தலைப்பை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கலாம். 'நோயாளிகள்' என்று எழுதவில்லை. 'பெண்கள்' என்றும் எழுதவில்லை. 'சிங்கள பௌத்தத் தாய்மார்'. ஒரு மாதத்துக்கு முன் குண்டு வெடித்த தேவாலயங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அங்கே செத்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கிறிஸ்தவர்களும். அந்தச் சாவீட்டுக்கு ஒரு மாதம் கழித்து வந்த தலைப்பில் பாதிக்கப்பட்டவர் மாறிவிட்டார். அடி வாங்கியவன் ஒருவன், கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவன் இன்னொருவன். நாடு என்றால் யார் என்பதற்கு அரசியலமைப்பு எழுதிய பதிலைவிட, அந்த இரண்டு பெயரடைகள் எழுதிய பதில் வேகமாகப் பரவியது.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு சொல் சிங்களத்தில் உண்டு: 'ஜாதிய'. நம் 'சாதி'யும் அதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. ஆனால் சிங்களத்தில் அதற்கு இனம் என்றும் பொருள், தேசம் என்றும் பொருள். சிங்களத்தில் ஒருவர் 'ஜாதியவுக்கு ஆபத்து' என்று எழுதும்போது, மிரட்டப்படுவது இலங்கையா சிங்களவரா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி சிங்களவர் சுமார் 75 வீதம், முஸ்லிம்கள் பத்து வீதத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அழிந்துவிடுவோம் என்ற பயத்தை உண்டாக்குவது கஷ்டம். கருப்பையை உள்ளே கொண்டுவந்தால் சுலபம்.

கருப்பையை இழுத்தது இது முதல் தடவையும் அல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. வாடிக்கையாளர் ஒருவர் தன் தட்டில் ஏதோ வெள்ளைக் கட்டியைக் கண்டு சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. கல்லாவில் இருந்தவரின் தாய்மொழி தமிழ், சிங்களம் அரைகுறை. அவரைச் சுற்றி நின்று, கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, 'வந்த பெத்தி போட்டாயா?' என்று கேட்டார்கள். நம் காதில் 'வந்த' என்று விழும் அந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில் மலடு என்று பொருள். பெத்தி என்றால் மாத்திரை. அவர் ஆமாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். மாக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்ததாகப் பின்னர் சொன்னார்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்தார்: வெறும் மாவு. அறிக்கை வந்து சேருவதற்குள் கண்டிப் பக்கம் திகன முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. மார்ச் 6 அவசரகாலச் சட்டம், மறுநாள் ஃபேஸ்புக் முடக்கம். அந்தக் கலவரத்தில் தன் பங்குக்காக 2020 மே மாதம் ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கேட்டதே பெரிது என்பேன்.

குருநாகல் செய்திக்குக் கால் முளைத்தது இந்த மாக்கட்டியிலிருந்துதான் என்பது என் எண்ணம். ஓராண்டாக ஃபோனில் சுற்றிய வதந்திக்குப் பத்திரிகை ஒரு முகவரியும் ஓர் எண்ணும் கொடுத்தது. பொலிஸ், வைத்தியசாலை வட்டாரங்கள் தந்த தகவலைத்தான் போட்டோம் என்பது பத்திரிகைத் தரப்பின் விளக்கம். வட்டாரம்! எந்த ஊர்ப் பத்திரிகைக்காரனுக்கும் பிடித்த சொல் அது. அதற்குள் யாரையும் குடிவைக்கலாம்.

சிசேரியன் நடக்கும் அறையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உதவி டாக்டர், மயக்கமருந்து கொடுப்பவர், கருவிகளை எண்ணி எடுத்துக் கொடுக்கும் தாதி, குழந்தையை வாங்கிக்கொள்ளும் தாதி. குருநாகலில் அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். இத்தனை பேர் கண் முன்னால் ஆண்டுக்கணக்கில் கருக்குழாயை நசுக்கிக்கொண்டிருக்க முடியுமா என்ற ஒரு கேள்வியைத் தலைப்பு எழுதுவதற்கு முன் கேட்டிருந்தால் போதும். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதைக் கேட்டது, தாதியரையும் விசாரித்தது. கருத்தடைக்கும் ஆதாரம் இல்லை, பயங்கரவாதத் தொடர்புக்கும் ஆதாரம் இல்லை என்று ஜூன் மாதம் நீதிமன்றத்தில் அறிவித்தது. ஜூலை 25 டாக்டருக்குப் பிணை கிடைத்தது.

இதற்கிடையில் நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது குழந்தைக்காக நாலைந்து வருடம் காத்திருக்கும் ஒருத்தி, மாமியாரின் வாய்க்குப் பதில் சொல்ல முடியாமல் தவிப்பவள், ஒரு நாள் காலையில் பத்திரிகையில் தன் துயரத்துக்கான காரணத்தைப் பெரிய எழுத்தில் வாசிக்கிறாள். அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

ஜூன் 3 அன்று அமைச்சரவைக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் பதவி விலகினர். அஸ்கிரிய பௌத்த பீடத்தின் மகாநாயக்கர் முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்று உபதேசித்தார். நவம்பரில் தேசப் பாதுகாப்பை முன்வைத்து நின்ற கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீத வாக்குகளுடன் ஜனாதிபதியானார். ஒரு தலைப்பு ஒரு ஜனாதிபதியை உண்டாக்கியது என்று சொன்னால் அதுவும் இன்னொரு 'திவயின' தலைப்பாகிவிடும். குண்டுகள் வெடித்தது உண்மை, அரசாங்கம் முன்னெச்சரிக்கைகளைக் கோட்டை விட்டதும் உண்மை. அந்தப் பயம் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் அச்சு மை வேலை செய்தது.

இதை வாசித்துவிட்டு, சிங்களப் பத்திரிகைகள் அப்படித்தான் என்று ஒரு தமிழர் பெருமூச்சு விட்டால் அவருக்கு ஒரு திகதி சொல்ல வேண்டும்: 1990 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். அவர்கள் பிடியில் இருந்த ஊரில் அச்சான தாள் எதுவும் அதைக் கண்டித்து எழுதக்கூடிய நிலையில் இல்லை. துப்பாக்கி இருந்தது, சரி. துப்பாக்கி எட்டாத தூரத்தில் இருந்தவர்களும் பல காலம் அதைப் பேசக் கூசினோம். 'நம்மவர்' என்ற சொல்லைத் தமிழில் எத்தனை சுலபமாக எழுதுகிறோம்! அதற்குள் அந்த மக்கள் இருந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் பேசியது தமிழ்தான்.

குருநாகல் டாக்டருக்குச் சம்பள நிலுவை கிடைக்க 2022 ஆகிவிட்டது. டொலர் இல்லாமல், ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் நாடு முழங்காலில் நின்ற வருடம் அது. 26 இலட்சத்து 75 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். மருந்து வாங்கச் சொல்லி அதை அப்படியே சுகாதார அமைச்சிடம் கொடுத்துவிட்டார்.