நாட்டில் எத்தனை நர்ஸ்? கென்யா எண்ணிப் பார்த்த கதை

வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று பார்க்காமல் நம்மில் யாராவது மளிகைக் கடைக்குக் கிளம்புவோமா? டப்பாக்களைத் திறந்து பார்த்து, சீட்டு எழுதிய பிறகுதானே பையை எடுக்கிறோம்! ஆனால், தன்னிடம் எத்தனை நர்ஸ்கள் இருக்கிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற கணக்கே சரியாகத் தெரியாமல் ஆஸ்பத்திரிகளை நடத்திய நாடுகள் பல உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவும் அவற்றில் ஒன்று.

1990களில் செலவைக் குறைக்க வேண்டும் என்று கென்ய அரசாங்கம் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. எய்ட்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பக்கம் படித்து முடித்த நர்ஸ்கள் வேலை கிடைக்காமல் வீட்டில். மறு பக்கம் நர்ஸ் இல்லாமல் கதவு சாத்திக் கிடந்த கிராம கிளினிக்குகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி இல்லை. யார் பாஸ் செய்தார்கள் என்பது நர்ஸிங் கவுன்சிலின் காகித ஃபைலில். யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது சுகாதார இலாகாவில். ஒரு ஃபைல் சொல்வது இன்னொரு ஃபைலுக்குத் தெரியாது!

கம்ப்யூட்டர் சொன்ன செய்தி

2002-ல் இந்த நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் உதவியோடு நர்ஸ்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு பெண் பயிற்சியில் சேர்ந்த நாள், பரீட்சையில் தேறியது, பதிவு செய்தது, லைசென்ஸைப் புதுப்பித்தது, வேலை பார்க்கும் இடம், வயது, வெளிநாடு போக சர்டிபிகேட் கேட்டது எல்லாமே ஒரே இடத்தில் சேர்ந்தன.

சேர்த்துப் பார்த்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. 1999 முதல் 2007 வரை சுமார் 41,000 நர்ஸ்களில் நூற்றுக்கு ஆறு பேர் வெளிநாடு போக மனுப் போட்டிருந்தார்கள். ஆறுதானே என்கிறீர்களா? இப்படிப் பாருங்கள்: புதிதாக ஒன்பது நர்ஸ்களைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்தால், இரண்டு பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள். 'ஆள் போதவில்லை' என்று பொதுவாகப் புலம்புவது வேறு; எத்தனை பேர், எந்த வயதில், எதற்காகப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்வது வேறு அல்லவா?

2005 முதல் அவசரத் திட்டம் ஒன்றின் கீழ் 1,800க்கும் மேற்பட்ட நர்ஸ்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டார்கள். மூடிக்கிடந்த கிளினிக்குகள் திறந்தன. ஆள் போகத் தயங்கும் வறண்ட வடகிழக்கு மாகாணத்துக்கும் நர்ஸ்கள் போய்ச் சேர்ந்தார்கள். யாரை எங்கே அனுப்பினோம், அதனால் என்ன பலன் என்பதையும் அதே கம்ப்யூட்டர் கணக்கு காட்டியது.

எபோலா வந்தபோது

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-ல் எபோலா என்ற கொடிய நோய் வெடித்தது. நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த சுகாதார ஊழியர்களே 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லைபீரியாவில், ரோடே சரியில்லாத மூலைகளில் இருக்கும் ஊழியர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது? ஊழியர் விவரங்கள் அடங்கிய கம்ப்யூட்டர் பதிவேட்டைக் கைபேசிக் குறுஞ்செய்தியோடு இணைத்தார்கள். சாதாரண போனே போதும். தலைநகரிலிருந்து கேள்வி போகும். கிளினிக்கிலிருந்து பதில் வரும்.

ஆனால் ஒன்று: பதிவேட்டில் இருக்கும் போன் நம்பர் பழையதாக இருந்தால் செய்தி யாருக்கும் போகாது! அதனால், 'நீங்கள் இன்னாரா, இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்களா?' என்று சரிபார்ப்பதே ஒரு முக்கிய வேலையாக இருந்தது. கம்ப்யூட்டர் மந்திரக்கோல் அல்ல. நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும்.

இது பெண்கள் விஷயம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுகாதாரப் பணியில் இருப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 67 பேர் பெண்கள். காகித ஃபைல் காலத்தில், "குமாஸ்தாவைத் தெரிஞ்சவங்களுக்கு டவுன்ல போஸ்டிங், எனக்குப் பத்து வருஷமா இதே காடுதான்" என்று ஒரு நர்ஸ் முணுமுணுத்தால் நிரூபிக்க வழியில்லை. யார் எத்தனை வருஷம் எங்கே இருந்தார்கள் என்பது பதிவாகிவிட்டால், நியாயம் கேட்க அதுவே சாட்சி.

தமிழ்நாட்டிலும் அரசு ஊழியர்களின் சர்வீஸ் ரிஜிஸ்டர்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் 2019-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்களும் இதில் அடக்கம். நீங்களோ, உங்கள் மகளோ மருமகளோ இந்த வேலையில் இருந்தால் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்:

* கல்யாணத்துக்குப் பிறகு பெயரோ இனிஷியலோ மாறியதா? சர்டிபிகேட்டில் ஒன்று, பதிவேட்டில் இன்னொன்று என்றால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்!

* பிரசவ லீவும் மெடிக்கல் லீவும் தேதியோடு சரியாக ஏறியிருக்கின்றனவா? பென்ஷன் சமயத்தில் முதலில் இடறுவது இங்கேதான்.

* வேலைக்குச் சேர்ந்த பிறகு படித்த கோர்ஸும் பெற்ற பயிற்சியும் சேர்க்கப்பட்டனவா?

* போன் நம்பர், விலாசம், வாரிசு பெயர் இன்றைய தேதிக்குச் சரிதானா?

* பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், 'நான் பார்த்துத் தரேன் சிஸ்டர்' என்று எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும்!

பதிவேட்டில் ஒரு வரி விட்டுப்போனால் நஷ்டம் ஊழியருக்கு மட்டுமல்ல. அந்த ஊரில் நர்ஸ் இருப்பதாகக் காகிதம் சொல்லும். இடுப்பு வலியோடு வருபவளுக்குக் கதவு பூட்டியிருக்கும். சரியான கணக்கும் ஒரு வைத்தியம்தான்.