கலர் டிவி வாங்கினவங்க ஓட்டு எங்கே போச்சு?

இலவசம் கொடுத்தா ஓட்டு தானா விழும்னு டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் சொல்கிறார்கள். அப்படியென்றால் 2011-ஐ என்ன செய்வது? இலவச கலர் டிவி தருவதாகச் சொல்லி 2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக, சொன்னபடி ஒரு கோடிக்கும் மேல் டிவி கொடுத்தது. அடுத்த தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 23 இடங்கள். நன்றி மறந்துட்டாங்க என்று சொல்லலாம்தான். ஆனால் மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்த அதிமுக 2016-ல் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டதே!

இதை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம், எதையும் நிரூபிக்க முடியாது. 2011-ல் மின்வெட்டு இருந்தது, 2ஜி இருந்தது. டிவி கொடுக்காமல் இருந்திருந்தால் 23-கூட வந்திருக்காதோ என்னவோ. ஒப்பிட்டுப் பார்க்க டிவி போகாத ஊர் வேண்டும். நம்மிடம் அது இல்லை.

மெக்சிகோவில் கிட்டத்தட்ட அப்படியொரு ஒப்பீடு அமைந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உடம்பைப் பரிசோதித்துக்கொண்டால் தாய்மார்களுக்குப் பணம்: இதுதான் 1997-ல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம். அதன் பலனை அளப்பதற்காக 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 320-க்கு முதலிலும் 186-க்குப் பிறகும் கொடுத்தார்கள். 2000-ல் அதிபர் தேர்தல் வந்தது.

முதலில் பணம் வாங்கிய கிராமங்களில் ஓட்டுப்பதிவும் ஆளுங்கட்சியின் ஓட்டும் கூடின என்று 2013-ல் எழுதினார் அனா டி லா ஓ. எதிர்க்கட்சிக்காரர்கள் மனம் மாறவில்லையாம். வீட்டில் இருந்திருக்கக்கூடியவர்கள் சாவடிக்கு வந்தார்களாம். 2020-ல் கோசுகே இமாய், கேரி கிங், கார்லோஸ் வெலாஸ்கோ ரிவேரா மூவரும் அதே தரவை எடுத்து, பிழைகளைத் திருத்தி மறுபடி கணக்குப் போட்டார்கள். விளைவு காணாமல் போய்விட்டது.

எனக்கு மூவர் கணக்குதான் வலுவாகப் படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேர்தல் வந்தபோது 186 கிராமங்களும் பணம் வாங்கத் தொடங்கியிருந்தன. ஆகவே இங்கே அளந்தது முந்தி வாங்கினவங்களுக்கும் பிந்தி வாங்கினவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். தவிர, இது எந்தக் கட்சியின் பணமும் இல்லை என்று பயனாளிகளுக்கு அங்கே அரசே சொல்லியிருந்தது. நம்ம ஊர் மிக்சியில் ஜெயலலிதா படம் ஒட்டியிருந்தது.