காற்றுக் குழாயும் தூசிப் பையும்



வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு ஒரு தும்புத்தடியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவன் நான். ஆனால், வீட்டின் நிலத்துக்கு அடியிலும் சுவர்களுக்கு உள்ளேயும் கண்ணுக்குப் புலப்படாத நீண்ட குழாய்கள் ஓடுவதுண்டு என்பதையும், அவற்றையும் துப்புரவாக்க வேண்டுமெனக் கூறி வாசற்கதவைத் தட்டுவோர் உளர் என்பதையும் 2023ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதே அறிந்துகொண்டேன். உங்களுள் பலருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் இன்று அத்தகைய குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். இவ்விடயம் பற்றி அவர்கள் உங்களிடம் யோசனை கேட்கும் நாளும் வரலாம். ஆதலால் இன்று இதனை எடுத்துப் பேச விரும்புகின்றேன்.

முதலில் அக்குழாய்களின் அமைப்பைக் கூறுகின்றேன். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் நிலவறையிலே ஓர் உலை இருக்கும். அது பெரும்பாலும் இயற்கை வாயுவை எரித்து வெப்பத்தை உண்டாக்கும். உலையோடு இணைந்த ஊதி ஒன்று, சூடேறிய காற்றைத் தகட்டுக் குழாய்கள் வழியாக அறைகளுக்குத் தள்ளும். அறையில் இருக்கும் குளிர்ந்த காற்று வேறு குழாய்கள் வழியாக மீண்டும் உலையை வந்தடையும். முன்னையவற்றை வழங்கு குழாய் என்றும், பின்னையவற்றை மீள்குழாய் என்றும் நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். மீள்குழாயின் முடிவில், காற்று உலைக்குள் புகுமுன்னர், ஒரு வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கும். இந்த வடிகட்டியின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்கு உதவும்.

என் பேரனுக்கு ஏழு வயது. அவனுக்குத் தொய்வு உண்டு. மாரிகாலத்து இரவுகளில் அவன் மூச்சுக்காக முட்டுப்படுவதைக் கண்டு மகளும் மருமகனும் உறக்கமின்றித் தவித்தனர். அத்தருணத்தில் ஒருநாள் தொலைபேசி ஒலித்தது. “உங்கள் வீட்டுக் குழாய்களிலே பல்லாண்டுத் தூசி படிந்திருக்கின்றது; பிள்ளைகள் சுவாசிப்பது அதையே; 99 டொலருக்குத் துப்புரவாக்கித் தருகின்றோம்” என்றது ஒரு குரல். நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் காதில் அச்சொற்கள் எவ்வாறு விழுந்திருக்குமென்று நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாளே வரும்படி கூறிவிட்டனர்.

வந்தவர் நம்மவரான ஓர் இளைஞர். துளையிடும் மின்கருவியின் முனையில் நீண்ட வளைகோலும் தூரிகையும் பொருத்தி, ஒவ்வொரு குழாய்வாயிலும் செலுத்திச் சுழற்றினார். மறுபுறத்தில் ஒரு தூசுறிஞ்சி இரைந்துகொண்டிருந்தது. ஒருமணி நேரத்தில் வேலையை முடித்து, சாம்பல்நிறத் தூசி நிறைந்த ஒரு பையைக் கொண்டுவந்து மேசையருகே காட்டினார். அதன்பின், குழாயின் உள்ளே பூஞ்சணம் இருப்பதாகவும், அதற்கு மருந்து தெளிக்க வேறாக 400 டொலர் வேண்டுமெனவும் கூறினார்.

நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்றவனல்லன். எனினும், பாடசாலையிலே முப்பதாண்டுக் காலம் விடைத்தாள் திருத்தியவன், கேட்ட வினாவுக்கு எழுதிய விடைதானா இது என்று பார்ப்பதற்குப் பழகிப்போவான். ஆகவே, “தம்பி, இத்தூசி குழாயில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். இது பிள்ளையின் மார்புக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதற்குச் சான்று என்ன?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஐயா, அது எனக்குத் தெரியாது. பையைக் காட்ட வேண்டுமென்றுதான் எங்களைப் பழக்கியிருக்கின்றார்கள்” என்றார். அந்த நேர்மையான விடைக்காக இன்றும் அவரை நன்றியோடு நினைக்கின்றேன்.

நேயர்களே, ஒரு துப்புரவுக் கருவி பயன்தருமா என்று கேட்கும்போது நாம் உண்மையில் மூன்று வினாக்களை ஒன்றாகக் குழைத்துவிடுகின்றோம். கருவி குழாயிலுள்ள தூசியை அகற்றுகின்றதா என்பது முதலாவது. அவ்வாறு அகற்றுவதால் அறைக் காற்றிலுள்ள தூசி குறைகின்றதா என்பது இரண்டாவது. அதனால் நோய் தணிகின்றதா என்பது மூன்றாவது. தூசிப் பை முதல் வினாவுக்கு மட்டுமே ஒருவாறு விடைகூறும். மற்றை இரண்டுக்கும் அது ஊமையே.

முதல் வினாவை நோக்குவோம். துப்புரவுத் தொழிலில் இரண்டு வேலைகள் உள. ஒன்று, படிந்த தூசியைப் பெயர்ப்பது. மற்றொன்று, பெயர்த்த தூசியை வீட்டுக்குள் சிந்தாமல் வெளியே இழுப்பது. பயிற்சிபெற்ற தொழிலாளர் பெரிய உறிஞ்சு பொறியை முதன்மைக் குழாயோடு இணைத்து, ஏனைய வாய்களை மூடி, குழாய்த் தொகுதி முழுவதையும் உறிஞ்சலுக்கு உட்படுத்துவர். பின்னர் அமுக்கிய காற்றாலும் தூரிகையாலும் தூசியைப் பெயர்ப்பர். பொறியை வீட்டுக்குள் வைத்தால், 0.3 மைக்ரோமீற்றர் அளவுள்ள துகள்களில் 99.97 நூற்றுவீதத்தைத் தடுக்கும் ‘ஹெப்பா’ வடிகட்டி அதில் இருத்தல் வேண்டும். இம்முறையைச் செவ்வனே கையாண்டால் குழாய் துப்புரவாகும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு தோன்றிய தேசியக் காற்றுக்குழாய்த் துப்புரவாளர் சங்கம் இதற்கு ஓர் அளவுகோலும் வகுத்துள்ளது. துப்புரவாக்கிய தகட்டுப் பரப்பில் 100 சதுர சென்ரிமீற்றருக்கு 0.75 மில்லிகிராமுக்கு மேல் தூசி எஞ்சக் கூடாதென்பது அதன் விதி.

ஆனால், கடைகளில் வாங்கி நாமே பயன்படுத்தும் சிறு கருவிகளின் நிலை வேறு. அவற்றில் தூரிகையும் வளைகோலுமே உள. உறிஞ்சும் வேலையை வீட்டிலுள்ள தூசுறிஞ்சியிடம் விட்டுவிடுகின்றனர். இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். தூசுறிஞ்சியின் குழல் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல விட்டமுடையது. வீட்டின் கிளைக் குழாயோ ஆறு அங்குல விட்டமுடையது. விட்டம் ஏறத்தாழ ஐந்து மடங்கு பெருகும்போது பரப்பு ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு பெருகுகின்றது. குழலின் வாயிலே சீறிப் பாயும் அதே காற்று, பெரிய குழாயினுள் இருபத்தைந்தில் ஒரு பங்கு வேகத்துடனேயே நகரும். தூரிகை பெயர்த்த பாரமான தூசி சற்றுத் தூரம் சென்று மீண்டும் படிந்துவிடும். மென்தூசி இடுக்குகள் வழியாக அறைக்குள் வந்துவிடும். வளைவுகளுக்கு அப்பால் தூரிகை செல்வதும் அரிது. குழாய்வாயிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் விழுந்துகிடக்கும் குப்பையையும் விளையாட்டுப் பொருள்களையும் எடுப்பதற்கு இக்கருவி உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் வீண்.

இனி இரண்டாவது வினா. குழாய் துப்புரவானால் அறைக் காற்றும் துப்புரவாகுமன்றோ என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால், குழாயிலுள்ள தூசியின் பெரும்பகுதி தகட்டோடு ஒட்டிக்கிடப்பது. ஊதியின் காற்றால் கிளம்பக்கூடியது முன்னரே கிளம்பிப் போயிருக்கும். அன்றியும், மீள்குழாயில் கிடக்கும் தூசி கிளம்பினாலும், அறைக்குச் செல்லுமுன் வடிகட்டியைக் கடந்தாக வேண்டும். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. அறைக் காற்றிலுள்ள தூசியோ நாள்தோறும் புதிதாகப் பிறப்பது. நம் தோலும் உடையும், கம்பளமும் மெத்தையும், அடுப்பிலே பொரிக்கும் எண்ணெயும், திரியும் ஊதுபத்தியும், வெளித்தெருவும் அதனை ஓயாது வழங்குகின்றன. ஊற்றை அடைக்காமல் வாய்க்காலை மட்டும் கூட்டினால் நீர் தெளியுமா?

இது வெறும் ஊகமன்று. கனடாவின் அரசுசார் வீட்டுக் கடன் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் இதுபற்றி வீடுகளிலே ஆராய்ந்து, குழாய்த் துப்புரவு பொதுவாக நாம் சுவாசிக்கும் காற்றின் தரத்தை மாற்றுவதில்லை என்றும், காற்றோட்டத்தையோ வெப்பமூட்டும் செலவையோ குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை என்றும் அறிவித்தது. ஐக்கிய அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு முகவரகம் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட கைந்நூலும் அதே போக்கில், குழாய்த் துப்புரவு நோயைத் தடுக்கும் என்பது ஒருபோதும் நிறுவப்படவில்லை என்று கூறியது. அழுக்கடைந்த குழாய்களால் வீட்டுக் காற்றில் துகள்கள் பெருகுகின்றன என்பதும் ஆய்வுகளால் ஐயமற நிலைநாட்டப்படவில்லை என்பது அதன் முடிபு. முழுமையான துப்புரவுக்கு 450 முதல் 1000 டொலர் வரை செலவாகும் என்றும் அதே நூல் குறித்தது. 99 டொலர் என்ற விலையே நம்மை எச்சரித்திருக்க வேண்டும்.

“துப்புரவாக்கிய பின்னர் எங்கள் பிள்ளைக்குச் சுகம் வந்ததே” என்று சிலர் கூறுவர். அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. ஆனால், ஒரு வகுப்பில் புதிய முறையில் கற்பித்தேன், பிள்ளைகள் தேறினர் என்று ஓர் ஆசிரியர் என்னிடம் வந்தால், அவ்வாறு கற்பிக்காத பக்கத்து வகுப்பில் எத்தனை பேர் தேறினர் என்று நான் கேட்பேன். நோய் முற்றிய வேளையிலேயே பெற்றோர் துப்புரவாளரை அழைக்கின்றனர். முற்றிய நோய் பெரும்பாலும் தானே சிறிது தணியும். துப்புரவு செய்யும் அன்றே வடிகட்டியையும் மாற்றுவதுண்டு. மாரிகாலம் கழிந்து சாளரங்கள் திறக்கப்படுவதுமுண்டு. இவற்றுள் எது சுகத்தைத் தந்ததென்று எவ்வாறு பிரித்தறிவது? துப்புரவாக்கிய வீடுகளையும் ஆக்காத வீடுகளையும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிட்டாலன்றி விடை கிடையாது.

தீங்கு இல்லையாயின் செய்துவிட்டுப் போகலாமே என்பாரும் உளர். தீங்கும் உண்டு. அரைகுறையாகத் துடைத்தால், உறங்கிக் கிடந்த தூசி விழித்துக்கொள்ளும். பழைய வீடுகளில் குழாய்களைச் சுற்றியுள்ள உறையிலே கல்நார் இருக்கலாம். அதனைக் கலைப்பது பேராபத்து. கண்ணாடி நார் பதித்த குழாய்களைத் தூரிகை கிழித்துவிடும். கிருமிக்கொல்லி மருந்துகளைப் பொறுத்தவரை, கண்ணாடி நார் பதித்த குழாய்களுக்கென அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவுமில்லையென்று அந்த முகவரகமே எச்சரித்துள்ளது. தொய்வுள்ள பிள்ளை சுவாசிக்கும் பாதையில் மருந்தைத் தெளிப்பதற்கு முன் நூறுமுறை எண்ண வேண்டும். மருமகன் அந்த 400 டொலரைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

குழாயைத் துப்புரவாக்க வேண்டிய வேளைகள் இல்லாமலில்லை. தகட்டுக் குழாயினுள் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும்படி பெருகியிருந்தால், எலியோ பூச்சியோ குடிகொண்டிருந்தால், அல்லது குப்பை அடைத்து, தூசி குழாய்வாயிலிருந்து அறைக்குள் விழுவது தெரிந்தால், தக்க தொழிலாளரைக் கொண்டு துப்புரவாக்குவதே முறை. பூஞ்சணம் என்று ஒருவர் சொன்னால், அதனைத் தம் கண்ணாலேயே காட்டும்படி கேட்க வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகின்றதென்று கண்டு திருத்தாவிடின் பூஞ்சணம் மீண்டும் முளைக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

என்னை உண்மையில் அச்சுறுத்தியது வேறொன்று. பணமில்லையென்று அவ்வாண்டு உலையைப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போட்டிருந்தனர் பிள்ளைகள். உலை பழுதுற்றால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வீட்டில் பரவக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். ஒன்ராறியோ மாகாணத்தில் 2014ஆம் ஆண்டு முதல், எரிபொருள் உலையுள்ள வீடுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டுமென்பது சட்டம். மகள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதன் மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. தூசிக்கு அஞ்சிப் பணம் செலவிட்ட வீட்டில், கொல்லக்கூடிய ஒன்றைக் காட்டித்தரும் கருவி ஊமையாய்க் கிடந்தது.

அன்று மாலையே புதிய மின்கலம் வாங்கினோம். அடுத்த வாரம் தகுதிபெற்ற ஒருவர் வந்து உலையைப் பரிசோதித்தார். வடிகட்டிகளின் திறன் ‘மேர்வ்’ என்னும் அளவையால் 1 முதல் 16 வரை குறிக்கப்படுகின்றது. ஊதியின் வலிமை இடந்தருமென்று அவர் கூறியபடி 13ஆம் தர வடிகட்டியைப் பொருத்தி, அதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மாற்றுவதாகச் சுவரில் எழுதிவைத்தோம். வைத்தியரின் அறிவுரைப்படி பேரனின் அறையிலிருந்த கம்பளத்தை அகற்றினோம். படுக்கைவிரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தோம். அவன் உள்ளிழுக்கும் மருந்தை நாள் தவறாது எடுக்கின்றானா என்று பார்த்துக்கொண்டோம். பொரிக்கும்போது அடுப்பின் மேலுள்ள புகைபோக்கி விசிறியை இயக்குவதும் வழக்கமாயிற்று.

இப்பொழுது பேரன் நன்றாக உறங்குகின்றான் என்று மகள் தொலைபேசியிற் கூறுகின்றாள். “அப்பா, எதனாலே சுகம் வந்தது?” என்றும் கேட்டாள். மருந்தா, வடிகட்டியா, கம்பளத்தை எடுத்ததா, அன்றி இளவேனிலின் வரவா, எனக்குத் தெரியாது என்றேன். துப்புரவு செய்த இளைஞரிடம் நான் எதிர்பார்த்த நேர்மையை என்னிடமும் எதிர்பார்க்க வேண்டுமன்றோ? ஆயினும், மருந்தை நிறுத்தாதே, மின்கலத்தைப் பார்க்க மறவாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.