ரேஷன் அரிசி எப்போது பெண்கள் கணக்கில் ஏறியது?

நமது அலுவலகத்துக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாலின பட்ஜெட் என்னும் சொல் வாசகர்களிடையே எத்தனை விதமான மயக்கங்களை உண்டாக்கியிருக்கிறது என்பது விளங்குகிறது. பெண்களுக்காக நாலரை லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியாயிற்று என்று 2025இல் அறிவித்தார்களே, அந்தப் பணம் எந்த பாங்கியில் இருக்கிறது என்று ஓர் அம்மையார் கேட்கிறார். ஆண்களுக்கென்று தனி பட்ஜெட் எப்போது என்று ஓர் அன்பர், அநேகமாகப் பரிகாசமாகத்தான், வினவுகிறார்.

மத்திய பட்ஜெட்டுடன் வெளியாகும் கனத்த செலவினத் தொகுதியில் 13ஆம் அறிக்கையாக இடம்பெறுவதுதான் பாலின பட்ஜெட். 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த யோசனை. நம் நாட்டில் 2005-06 முதல் ஆண்டு தவறாமல் அச்சாகி வருகிறது. பெண்களின் தேவைகளை உணர்ந்து பட்ஜெட்டையே அமைக்கும் முறை இது என்பது சர்க்கார் தரும் இலக்கணம். எனக்குத் தெரிந்தவரை, வேறு காரணங்களுக்காக முன்னமே தீர்மானிக்கப்பட்ட செலவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இவற்றில் எவையெல்லாம் பெண்களுக்கும் பயன்படும் என்று பென்சிலால் கோடிட்டுத் தொகுத்த பட்டியல் என்பதே இதற்குப் பொருத்தமான இலக்கணம். ஆகவே, அம்மையார் தேடும் பாங்கி எங்கும் கிடையாது.

பட்டியலில் மூன்று பகுதிகள் உண்டு. முழுத் தொகையும் பெண்களுக்கே என்று சொல்லப்படும் திட்டங்கள் ஏ பகுதியில் வரும். முப்பது சதவிகிதமாவது பெண்களைச் சேர்வன பி பகுதியில் வரும். முப்பதுக்கும் குறைந்தவற்றுக்காக 2024-25இல் சி பகுதி என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இவற்றுள் என் சிந்தையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது அந்த முப்பது என்ற எண்தான். 1997இல் தொடங்கிய ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், பெண்கள் சம்பந்தப்பட்ட துறைகள் தம் நிதியில் குறைந்தது முப்பது சதவிகிதத்தையேனும் அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. அன்று கடமையாக விதிக்கப்பட்ட அந்த எண், காலக்கிரமத்தில் தன் சுபாவம் மாறி, இன்று பி பகுதிக்குள் நுழைவதற்கான வாசற்படியாக நிற்கிறது. ஒரு திட்டத்தில் பெண்களின் பங்கு எத்தனை என்று எழுதி அனுப்புவது யார் என்றால், அந்தத் திட்டத்தை நடத்தும் இலாகாவேதான். அந்தச் சதவிகிதம் எப்படி வந்தது, யாரை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள் என்பதையெல்லாம் அறிக்கையில் எத்தனை தேடினாலும் காண முடியாது. பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணையும் போட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், பலரும் சரியாக முப்பது என்று எழுதிவிட்டு எழுந்து போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதனால் நேர்வது என்ன என்பதை 2025-26ஆம் ஆண்டுக் கணக்கே தெளிவாகக் காட்டுகிறது. 2024-25இல் 3.27 லட்சம் கோடியாக இருந்த தொகை, 2025-26இல் 4.49 லட்சம் கோடியாக, அதாவது மொத்த பட்ஜெட்டில் 6.8 சதவிகிதத்திலிருந்து 8.86 சதவிகிதமாக உயர்ந்தது என்று பெருமிதத்துடன் பிரகடனம் செய்தார்கள். அவ்வாண்டு பட்டியலில் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு துறைகளுள் உணவு மற்றும் பொது விநியோகத் துறையும் ஒன்று. அதனுடன் கூடவே வந்தது இலவச ரேஷன் தானியத் திட்டம். ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு இந்த ஒரு வரவே காரணம். முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் ஐந்து கிலோ என்ற அதே அளவு, அதே தராசு, அதே சாக்கு. மார்ச் மாதம் வரையில் வெறும் அரிசியாக இருந்தது ஏப்ரல் பிறந்ததும் பாலின சமத்துவத்துக்கான செலவாக ரூபாந்தரம் அடைந்துவிட்டது. பெண்களும் சோறு உண்கிறார்கள், மறுப்பதற்கில்லை. உண்கிற வாய்களை எண்ணுவதுதான் சமத்துவம் என்றால், சாலையில் நடக்கும் கால்களையும் எண்ணி நெடுஞ்சாலைத் துறையையும் பட்டியலில் சேர்த்துவிடலாம். (ரயில்வே ஏற்கனவே சேர்ந்தாயிற்று என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.)

ஏ பகுதியின் பெரும்பங்கை நிரப்புபவை வீட்டுவசதித் திட்டங்கள். கிராமத்து வீட்டை மனைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவோ ஒதுக்க வேண்டும் என்ற விதி மெச்சத்தக்கது. ஒரு பெண்ணின் பெயர் வீட்டுப் பத்திரத்தில் ஏறுவது அற்ப விஷயமல்ல. ஆனால் கணவனும் பிள்ளைகளும் மாமனாரும் படுத்துறங்கும் அக்கூரையின் கடைசிச் செங்கல் வரை நூற்றுக்கு நூறு பெண்ணுக்கே என்று கணக்கெழுதுவது என்ன நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பென்சில் எதிர்த்திசையிலும் தவறுவதுண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தேசம் முழுவதும் நடந்த வேலை நாட்களில், 2023 டிசம்பர் நிலவரப்படி, ஏறத்தாழ 59 சதவிகிதம் பெண்கள் உழைத்தவை. தமிழ்நாட்டிலோ எண்பதுக்கும் மேல், ஏரிக்கரையில் மண் சட்டி சுமக்கும் வரிசையை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 2024-25 அறிக்கை அத்திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கையே பெண்கள் கணக்கில் எழுதியது. மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்ததால் அந்தப் பின்னத்தை அப்படியே பிரதி செய்துவிட்டார்கள் போலும்! உண்மையில் யார் வேலை செய்தார்கள் என்ற கணக்கு அரசாங்கத்திடமே வாரம் தவறாமல் பதிவாகி வந்தும், அதைப் புரட்டிப் பார்க்க ஒருவரும் முனையவில்லை. தொகை கூடியதா குறைந்ததா என்பதைக் காட்டிலும், இந்த அலட்சியமே என்னை அதிகம் கலவரப்படுத்துகிறது.

தென்கொரியாவில் இதே அறிக்கையைச் சட்டமாக்கி, 2010ஆம் நிதியாண்டு முதல் நடைமுறைப்படுத்தியதோடு, ஆண்டு முடிந்தபின் செலவு உண்மையில் எவரைச் சென்றடைந்தது என்று தீர்வுக் கணக்கு ஒன்றையும் சமர்ப்பிக்கச் செய்தார்கள். ஆஸ்திரியாவில் 2009 முதல் அரசியல் சாசனமே இதனை வலியுறுத்துகிறது. இங்கே இதற்கென்று தனிச்சட்டம் எதுவும் இல்லை.

எஞ்சிய கடிதங்களுக்குச் சுருக்கமாகவே விடை கூற முடியும்.

மாநிலங்களும் வெளியிடுகின்றனவா? சில வெளியிடுகின்றன, கேரளமும் கர்நாடகமும் அவற்றுள் அடக்கம்.

ஐ.நா. தட்டிக் கேட்காதா? பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஒப்பந்தத்தை 1993இல் ஏற்ற இந்தியா, தனிநபர் அங்கே முறையிட வழிசெய்யும் துணை ஒப்பந்தத்தில் இன்றளவும் சேரவில்லை.

ஆண்களுக்குத் தனி பட்ஜெட்? மற்ற அறிக்கைகளைப் படிக்கவும்.

தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாமா? தாராளமாக. கட்டணம் பத்து ரூபாய், தவணை முப்பது நாள். ‘ஏன் முப்பது என்று போட்டீர்கள்?’ என்று எழுதினால், காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு முறை அவ்வாறே நேர்ந்தது. ‘இத்திட்டத்துக்கு இந்தச் சதவிகிதத்தை நிர்ணயித்த கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும்’ என்று எழுதுங்கள்.